விளையாட்டுக் கற்பிப்போர் முதலில் கற்க வேண்டியது

(ஒரு விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் ஆண்டு விழாவில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நம்மை அழைத்திருக்கின்றீர்கள். இப்படிப்பட்ட விழாக்களில் பேச வருகின்றவர்கள் வழக்கமாய் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததேயாகும். தேகப்பயிற்சியின் பெருமையைச் சொல்லுவார்கள். பரிசு வாங்கின பிள்ளைகளைப் புகழுவார்கள். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதையே நாமும் செய்தால் உங்களுக்கும் பொழுது நஷ்டம், நமக்கும் வாய் வலிதான் மிச்சம். ஆதலால் இன்று உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகின்றோம்.

இந்த மைதானத்தில் நாளைக் காலையில் ஓடிக்கொண்டிருக்கின்ற ஒரு பையனோ பெண்ணோ, யாரும் இடிக்காமல், எதுவும் தடுக்காமல், திடீரென்று கீழே விழுந்து அசைவற்றுப் போனால், அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பது யார்? டாக்டர் இருக்கமாட்டார். தாய் தகப்பன் இருக்கமாட்டார்கள். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கின்ற விளையாட்டு வாத்தியார்தான் இருப்பார். கபடியானாலும், பந்தானாலும், சிலம்பமானாலும், ஓட்டமானாலும் கற்றுக்கொடுக்கின்றவர்தான் இருப்பார். அவருக்கு அந்தச் சமயத்தில் என்ன தெரியும்? இதுதான் கேள்வி.

நாம் வைத்தியரல்ல, கலாசாலைக்குப் போய்ப் பட்டம் பெற்றவருமல்ல. இவ்விஷயத்தைப் பற்றிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், பயிற்சிப் பொம்மையின்மேல் கைவைத்துப் பழகியும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். விசாரித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

விழுந்தவனுக்கு நாம் செய்வது

இப்பொழுது நம் ஊர்களில் ஒருவன் மைதானத்தில் விழுந்தால் என்ன நடக்கின்றது? முதலில் கூட்டம் சூழ்ந்துகொள்ளுகின்றது. ஒருவர் “காற்று விடுங்கள்” என்று கத்துகின்றார். கத்தினவரே குனிந்து நின்று காற்றை மறைக்கின்றார். ஒருவர் முகத்தில் சோடாவை அடிக்கின்றார். ஒருவர் மயங்கிக் கிடக்கின்றவன் வாயில் தண்ணீரை ஊற்றுகின்றார். அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குப் போகுமே என்கிற யோசனை இல்லை. கை கால் வெட்டி இழுத்தால் உடனே “வலிப்பு, வலிப்பு” என்று சொல்லி ஒரு சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிக்கின்றார்கள். பிறகு நாலு பேர் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுகின்றார்கள். ஆஸ்பத்திரியில் “கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா” என்கின்றார்கள். வீட்டுக்கு வந்து “அவ்வளவுதான் ஆயுசு, யார் என்ன செய்ய முடியும்” என்று சொல்லிவிடுகின்றார்கள்.

தோழர்களே! அந்தச் சாவிக்கொத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காக்காய் வலிப்பு என்பது பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடக்கூடியது. சாவி தேடிக் கொண்டுவந்து கையில் வைப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகின்றது. வலிப்பு நின்றுவிட்டால் சாவிக்குப் பெருமை! சாவி இல்லாவிட்டாலும் நின்றிருக்குமே என்று ஒருவரும் கேட்பதில்லை. அது வெறும் வலிப்பாயிருந்தால் சாவியால் நஷ்டம் ஒன்றுமில்லை, பரிகாசத்தோடு போய்விடும். ஆனால் இருதயம் நின்று விழுந்தவனுக்கும் தொடக்கத்தில் கை கால் வெட்டி இழுப்பதுண்டு. அப்பொழுது சாவி தேடுகின்ற இரண்டு நிமிஷமும் அவன் உயிரிலிருந்து கழிகின்ற இரண்டு நிமிஷமாகும். மூடநம்பிக்கையால் யாருக்கு என்ன கெடுதி என்று கேட்கின்றவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது என்ன?

மாரடைப்பு வேறு, இருதயம் நின்று போவது வேறு. மாரடைப்பு என்பது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகின்ற குழாய் அடைபடுவது. அதில் மனிதன் வலியென்று சொல்லுவான், பேசுவான், மூச்சு விடுவான். இருதயம் நின்று போவது என்பதில் பெரும்பாலும் நடப்பது, இருதயத்தை ஒழுங்காய்த் துடிக்கச் செய்கின்ற மின்சார ஓட்டம் தாறுமாறாகிப் போவதாகும். அப்பொழுது இருதயம் ஒரு பை நிறையப் புழு நெளிவதுபோல் நடுங்குமேயொழிய, ஒரு சொட்டு ரத்தத்தையும் மூளைக்குத் தள்ளாது. சில வினாடியில் நினைவு போய்விடும். நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். கையை வைத்து நெஞ்சை அமுக்குவார் இல்லாவிட்டால், நிமிஷத்துக்கு 100க்கு 7 முதல் 10 வரையில் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகின்றது என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். அப்படியானால் பத்து நிமிஷம் சும்மா நின்றால் மிச்சம் என்ன? நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி ஓடுகின்றது. நல்ல காரியம். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும், போன் செய்து, வழி கேட்டு, சந்து திரும்பி, மைதானத்துக்குள் நுழைய வேண்டுமல்லவா? ஆகவே முதல் பத்து நிமிஷம் டாக்டருடையதுமல்ல, வண்டிக்காரருடையதுமல்ல, பக்கத்தில் நிற்கின்றவருடையது. விளையாட்டு மைதானத்தில் அது வாத்தியாருடையது.

“வாலிபப் பிள்ளைகளுக்கு, அதிலும் ஓடி ஆடுகின்ற பிள்ளைகளுக்கு, இருதயம் நிற்குமா?” என்று கேட்பீர்கள். அபூர்வமாய் நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே இருதயத் தசை தடித்திருக்கும். சிலருக்கு அதன் மின்சார ஓட்டத்தில் கோளாறு இருக்கும். வெளிக்கு ஒன்றும் தெரியாது. வேறு சிலருக்கு ஒரு கோளாறுமில்லாமல், பந்தோ முழங்கையோ நெஞ்சில், இருதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பட்டதினாலேயே நின்றுவிடுவதுண்டு.

ஜப்பானில் நடந்தது

இவ்விஷயத்தில் உலகத்துக்கே பாடமாயிருக்கின்ற ஒரு சம்பவத்தைச் சொல்லுகின்றோம். 2011ம் வருஷம் செப்டம்பர் மாதம், ஜப்பானில் சைத்தாமா என்னும் நகரத்தில், ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வயது 11, பள்ளிக்கூட மைதானத்தில் தொடரோட்டப் பயிற்சியில் ஓடி முடித்தவுடன் விழுந்தாள். ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இருதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கின்ற கருவி அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. ஜப்பானில் சாதாரண ஜனங்களும் அக்கருவியை உபயோகிக்கலாமென்று 2004லேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது. எல்லாம் இருந்தும் என்ன ஆயிற்று? அவள் மூச்சு விடுவதுபோல் தோன்றிற்று; ஆகவே இருதயம் ஓடுகின்றதென்று நினைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரையில் நெஞ்சை அமுக்கவுமில்லை, கருவியை எடுக்கவுமில்லை. அவள் மறுநாள் இறந்துபோனாள்.

அந்த ஆசிரியர்கள் கொடியவர்களா? அல்ல. பிள்ளையின்மேல் அன்பில்லாதவர்களா? அல்ல. அவர்கள் கண்டது மூச்சல்ல. இருதயம் நின்றபின் சில நிமிஷம் வரையில் வாயைத் திறந்து திறந்து, கரையில் எடுத்துப் போட்ட மீன்போல், விட்டு விட்டு இழுக்கின்ற ஓர் இழுப்பு வருவதுண்டு. அது உயிர் இருப்பதற்கு அடையாளமல்ல, போய்க்கொண்டிருப்பதற்கு அடையாளம். இந்த ஒரு விஷயம் தெரியாததால், அன்பும் பயன்படவில்லை, கருவியும் பயன்படவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். பெற்றோர்கள் விதியென்று உட்கார்ந்துவிடவில்லை. அந்நகரக் கல்விச் சபையார் மூடி மறைத்துவிடவுமில்லை. இருதரப்பாரும் சேர்ந்து, தேகப்பயிற்சி வேளையில் பிள்ளைகள் விழுந்தால் ஆசிரியர்கள் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒரு பாடப்புத்தகம் எழுதி, 2012ல் அந்தப் பெண்ணின் பெயராலேயே வெளியிட்டார்கள். அதிலுள்ள முக்கியமான விதி ஒன்று: மூச்சு இருக்கின்றதா இல்லையா என்று சந்தேகமாயிருந்தால், இல்லையென்றே வைத்துக்கொண்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட வேண்டும், கருவியைக் கொண்டுவர வேண்டும் என்பதாகும்.

இது எவ்வளவு பகுத்தறிவான விதி என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் சும்மா இருப்பதுதான் ஜாக்கிரதை என்று நாம் நினைக்கின்றோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தலைகீழாயிருக்கின்றது. தேவையில்லாதவனுக்கு அமுக்கினால் நெஞ்சு வலிக்கும். அவனே கையைத் தட்டிவிடுவான். தேவையானவனுக்கு அமுக்காவிட்டால் செத்துப்போவான். இரண்டில் எந்தத் தவறு திருத்தக்கூடியது?

செய்ய வேண்டியது

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுகின்றோம். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதிலில்லை, மூச்சுமில்லை, அல்லது இழுப்பு மட்டும் இருக்கின்றது என்றால் நின்று ஆராயக் கூடாது. பத்து வினாடிக்குமேல் இதற்குச் செலவு செய்யக் கூடாது. “யாராவது போன் செய்யுங்கள்” என்று பொதுவாய்க் கத்தினால் ஒருவரும் செய்யமாட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவன் செய்வானென்றிருப்பார்கள். ஆளைச் சுட்டிக்காட்டி, “நீ 108க்குப் பேசு; நீ கருவியைக் கொண்டுவா; நீ போய் வெளிவாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்டு” என்று சொல்லவேண்டும்.

விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கத்தில் முழங்காலிட்டு, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தால் அமுக்கவேண்டும். வளர்ந்தவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கவேண்டும். 6க்கு மேல் போகவேண்டாம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழும்பவிட வேண்டும்; அப்பொழுதுதான் இருதயத்தில் திரும்ப ரத்தம் நிறையும். பழகினவர்கள் 30 அமுக்குக்கு இரண்டு தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதலாம். பழகாதவர்கள் நிறுத்தாமல் அமுக்கினாலே போதும். சிறு பிள்ளைகளுக்கும், தண்ணீரில் மூழ்கினவர்களுக்கும் மூச்சு ஊதுவது மிகவும் அவசியம். ஆகையால் நீச்சல் கற்பிப்போர் அதைக் கட்டாயம் பழகவேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இது குஸ்தியைவிடக் களைப்பான வேலை.

ஏ.இ.டி. என்கின்ற மின் அதிர்ச்சிக் கருவியைக் கண்டு பயப்படுகின்றார்கள். அதைத் திறந்தால் அதுவே பேசும். இரண்டு பட்டைகளை நெஞ்சில் ஒட்டச் சொல்லும். இருதயத்தின் ஓட்டத்தைத் தானே பார்க்கும். அதிர்ச்சி வேண்டுமானால் மட்டும் வேண்டுமென்று சொல்லும். வேண்டாதவனுக்கு நாம் கொடுக்க நினைத்தாலும் கொடுக்காது. அது வரும் வரையிலும், வந்த பிறகு அது சொல்லுகின்ற இடைவேளைகளிலும் அமுக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். விழுந்தவர் அசைகின்ற வரையில், அல்லது வைத்திய ஆட்கள் வந்து ஏற்றுக்கொள்ளுகின்ற வரையில் நிறுத்தக் கூடாது.

வெய்யிலில் விழுகின்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூச்சும் துடிப்பும் இருந்து, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, புத்தி தடுமாறினால், முதலில் குளிரச் செய்யவேண்டும். நிழலில் போட்டு, தொட்டித் தண்ணீரிலோ, குடம் குடமாய் ஊற்றியோ, ஐஸ் இருந்தால் அதைக் கொண்டோ உடம்புச் சூட்டை இறக்கிவிட்டுப் பிறகுதான் கொண்டுபோக வேண்டும். சித்திரை வெய்யிலில் பகல் 12 மணிக்குப் பிள்ளைகளை ஓடவிட்டுத் தண்ணீர் குடிக்காதே என்று கட்டுப்பாடு செய்கின்ற வாத்தியாருக்கு இந்த முதலுதவி தெரிவதைவிட, அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடுவதே நல்லது.

அற்புதமல்ல, அப்பியாசம்

2003ம் வருஷம் பிரான்சில் லியோன் நகரத்தில் காமரூன் நாட்டுக்காக விளையாடிக்கொண்டிருந்த மார்க் விவியன் போ என்பவர், 28 வயதில், யாரும் மோதாமலே மைதானத்தில் விழுந்து மாண்டார். 2004ல் நம் பக்கத்துப் பெங்களூரில், பெடரேஷன் கோப்பைக் கடைசி ஆட்டத்தில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட கணத்திலேயே கோல்காப்பாளரோடு மோதி விழுந்து மாண்டார். 2012ல் லண்டனில் பாப்ரீஸ் முவாம்பா விழுந்தார். அவர் இருதயம் 78 நிமிஷம் தானாக ஓடவில்லை. ஆனால் மைதானத்திலும், வண்டியிலும், ஆஸ்பத்திரியிலும் அமுக்குவதை நிறுத்தாததால் பிழைத்தார். 2021ல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தார். உடனே நெஞ்சை அமுக்கினார்கள். ஒரே ஒரு மின் அதிர்ச்சியில் இருதயம் திரும்பிற்று. அவர் 2024ல் அதே ஐரோப்பியக் கோப்பையில் திரும்ப வந்து கோல் போட்டார். 2023 ஜனவரி 2ந் தேதி அமெரிக்காவில் சின்சினாட்டியில் டாமர் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டு விழுந்தார். அவருடைய அணியைச் சேர்ந்த டென்னி கெல்லிங்டன் நெஞ்சை அமுக்கினார். அதே வருஷத்தில் ஹாம்லின் மீண்டும் ஆட வந்தார்.

பிழைத்தவர்களைப் பற்றிப் பலர் “அற்புதம்” என்று எழுதினார்கள். அற்புதமானால் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். அது அற்புதமல்ல, அப்பியாசம். விழுவதற்கு முன்னாலேயே யார் அமுக்குவது, யார் கருவியைக் கொண்டுவருவது என்று பழகி வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். மார்க்கண்டேயன் கதையைக் கேட்டுவிட்டு எமன் கயிற்றுக்குப் பயந்துகொண்டிருக்கின்ற நமக்கு, இரண்டு கைகள் அந்தக் கயிற்றை விலக்கியிருக்கின்றன என்பது ஆச்சரியமாய்த்தான் இருக்கும்.

“அதெல்லாம் கோடிக்கணக்கில் பணம் புரளுகின்ற ஆட்டம், டாக்டர்கள் பக்கத்திலேயே நிற்கின்றார்கள்” என்பீர்கள். சரி, டாக்டர் இல்லாத இடத்தைச் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் சூதாட்ட விடுதிகளில் காவல் காக்கின்ற ஆட்களுக்கு இந்த வித்தையையும் கருவியையும் கற்றுக்கொடுத்தார்கள். 2000ம் வருஷத்தில் அதன் கணக்கு வெளிவந்தது. மின்னோட்டம் தாறுமாறாகி அவ்விடுதிகளில் விழுந்த 105 பேரில் பாதிக்குமேற்பட்டவர்கள், அதாவது 100க்கு 53 வீதம், பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். விழுந்ததைக் கண்டு 3 நிமிஷத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கப்பட்டவர்களிலோ 100க்கு 74 வீதம் பிழைத்தார்கள். சூதாட்ட விடுதிக் காவலாளியால் ஆகின்ற காரியம், பள்ளிக்கூடத்து வாத்தியாரால் ஆகாதா?

டென்மார்க் தேசத்தில் 2005ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த வருஷம் மோட்டார் லைசென்சு வாங்குவோருக்கும் கட்டாயமாக்கினார்கள். அங்கே விழுந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் உதவி செய்தது 2001ல் 100க்கு 21 வீதமாயிருந்தது, 2010ல் 45 வீதமாயிற்று. ஒரு மாதம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் 3.5 வீதத்திலிருந்து 10.8 வீதமானார்கள். மற்ற வைத்திய வசதிகளும் அந்தப் பத்து வருஷத்தில் வளர்ந்தன என்பது மெய். என்றாலும் பக்கத்திலிருப்பவர் கை கட்டி நின்றிருந்தால் அந்த வசதிகள் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

இது யாருடைய வித்தை?

“இது டாக்டர்கள் வேலை, நமக்கென்ன யோக்கியதை” என்பது அடுத்த ஆட்சேபணை. இன்ன வித்தை இன்னாருக்கே என்று சொல்லிச் சொல்லியே பெரும்பாலோரைக் கையாலாகாதவர்களாக்கி வைத்த நாடல்லவா இது? இவ்வித்தையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1767ல் ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் பட்டணத்தில், தண்ணீரில் மூழ்கினவர்களை மீட்பதற்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. 1774ல் லண்டனில் ஒன்று ஏற்பட்டது. அக்காலத்தில் மூழ்கினவர்களுக்குப் பின்வழியாகப் புகையிலைப் புகையை ஊதுவதுகூட வைத்தியமாயிருந்தது! பிரயோஜனமில்லை என்று கண்டவுடன் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். பெரியவர்கள் செய்தது, விடக்கூடாது என்று அவர்கள் சாதிக்கவில்லை. 1960ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அமுக்கி ரத்தத்தை ஓட்டலாமென்று உலகத்துக்குச் சொன்ன மூவரில் முதல்வரான கவன்ஹோவன் என்பவர் வைத்தியரல்ல, மின்சார இஞ்சினியர். இதைப் பழகுவதற்கு முதல் பொம்மையைச் செய்த நார்வே தேசத்து லேர்டால் என்பவர் விளையாட்டுச் சாமான் செய்து விற்றவர். ஆகவே இந்த வித்தை ஒரு கூட்டத்தாரின் சொத்தல்ல. கையுள்ளவர்களெல்லாம் கற்கக்கூடியது.

“அமுக்கி எலும்பு முறிந்துவிட்டால்?” முறிவதுண்டு. முறிந்த விலா எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். நின்ற இருதயம் தானாகக் கூடாது. “செத்துப்போனால் நம்மேல் வழக்கு வருமே?” நினைவில்லாமல் கிடப்பவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று 1860ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92வது பிரிவிலேயே இருந்தது, 2024ல் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் 30வது பிரிவாக இருக்கின்றது. சாலை விபத்தில் உதவுகின்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று 2016ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கின்றது. பயத்துக்குக் காரணம் சட்டமல்ல, சட்டம் தெரியாமையே.

தொடுவது பற்றி

இன்னொரு தடை இருக்கின்றது. அதை வெளிப்படையாய்ச் சொல்லுவார் இல்லை. ஆதலால் நாம் சொல்லுகின்றோம். அதுதான் தொடுவது.

இவ்வித்தை முழுவதும் தொடுவதில் இருக்கின்றது. நெஞ்சில் கை வைக்கவேண்டும். சமயத்தில் வாயோடு வாய் வைக்கவேண்டும். எந்தத் தெருப் பிள்ளை, என்ன ஜாதி என்று ஒரு வினாடி தயங்குகின்றவன் கையும் ஒன்றுதான், வெட்டுண்ட கையும் ஒன்றுதான். மைதானத்தில் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கும்பொழுது தெரியாத ஜாதி, விழுந்து கிடக்கும்பொழுது மட்டும் எப்படித் தெரிகின்றது? யார் இறந்தாலும் பரவாயில்லை, தீட்டு வராமலிருந்தால் சரி என்பவர்களிடம் பிள்ளைகளை விளையாட அனுப்பவே கூடாது.

பெண்கள் விஷயம் இதைவிட மோசமாகும். இப்பொழுது நம் பெண்கள் கபடி ஆடுகின்றார்கள், பந்தாடுகின்றார்கள், பாரம் தூக்குகின்றார்கள். அவர்களில் ஒருத்தி விழுந்தால், நெஞ்சில் கை வைக்க ஆண் வாத்தியார் கூசுகின்றார். சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்லுவார்களோ என்று பயப்படுகின்றார். இது நம் நாட்டில் மாத்திரமல்ல. பொது இடத்தில் விழுந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே நெஞ்சமுக்கப்படுகின்றதென்று அமெரிக்காவிலேயே கணக்கெடுத்துக் கண்டிருக்கின்றார்கள். பழகுகின்ற பொம்மைகளும் பெரும்பாலும் ஆண் மார்பாகவே இருக்கின்றன. மானம் என்று ஒரு பெண்ணைச் சாகவிடுவதில் என்ன மானம் இருக்கின்றது? அமுக்குவதற்குத் துணியைக் களையவேண்டியதில்லை. கருவியின் பட்டை ஒட்டும்பொழுது மாத்திரம் நெஞ்சைத் திறந்து, சுற்றிலும் நாலு பெண்களைத் திரும்பி நிற்கவைத்தாலே மறைப்பாகிவிடும். தாய்மார்களே! உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றோம். உங்கள் பெண்ணை விளையாட அனுப்பும்பொழுதே வாத்தியாரிடம், “என் பெண் விழுந்தால் கூசாமல் கை வையுங்கள், நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டோம்” என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதோடு, பெண்களே இவ்வித்தையைக் கற்று வாத்தியார்களாகவும் வாருங்கள்.

என்ன செய்யவேண்டும்?

சென்னையில் 1920லேயே ஹாரி க்ரோ பக் என்பவரால் ஒய்.எம்.சி.ஏ.வின் தேகப்பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டு, நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் நம் கிராமங்களில் விளையாட்டுக் கற்றுக்கொடுக்கின்றவர்களில் எத்தனை பேர் கல்லூரி கண்டவர்கள்? முன்னே ஆடினவர்தான் பின்னே வாத்தியார். அதில் தப்பில்லை. ஆனால் விதிகளும் பிடிகளும் தெரிந்தால் போதாது. விழுந்தவனை எழுப்பவும் தெரியவேண்டும்.

ஆகவே இச்சங்கத்தார் இன்றைக்கே சில தீர்மானங்கள் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். முதலாவது, இந்த வித்தையைப் பொம்மையின்மேல் பழகாத எவரும் இம்மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பிக்கக் கூடாது. உயிருள்ளவர்மேல் அமுக்கிப் பழகக் கூடாது. ஆகையால் பக்கத்துப் பட்டணத்திலிருந்து பொம்மையோடு கற்பிப்பவரை வருவியுங்கள். இரண்டாவது, ஒருதரம் கற்றதோடு விடக் கூடாது. சில மாதத்தில் கை மறந்துவிடும். பந்தயத்துக்குப் பழகுவதுபோல் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் பழகவேண்டும். மூன்றாவது, பெரிய பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். வாத்தியாரே விழுந்தால் யார் தூக்குவது? நான்காவது, யார் போன் செய்வது, யார் வாசலில் நிற்பது, எந்த வழியாய் வண்டி வருவது என்று சுவரில் எழுதி வைக்கவேண்டும். ஐந்தாவது, மின் அதிர்ச்சிக் கருவி ஒன்றுக்குப் பணம் சேர்க்கவேண்டும். கோப்பைக்கும், பந்தலுக்கும், வாணவேடிக்கைக்கும் வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இதற்கு வசூல் செய்யத் தெரியாமலிருக்காது. வாங்கினால் பூட்டி வைக்காதீர்கள். சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருக்கின்றார் என்பதற்குள் உயிர் போய்விடும்.

சாவி என்றவுடன் ஞாபகம் வருகின்றது. யாராவது விழுந்தவன் கையில் வைக்க ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்தால் அவரைக் கோபிக்காதீர்கள். அதை வாங்கி, மைதானத்து வெளிவாசல் பூட்டைத் திறந்து, 108 வண்டி உள்ளே வர வழிவிடுங்கள். சாவியால் ஆகக்கூடிய வேலை அதுதான்.

தோழர்களே! வீடு பற்றி எரியும்பொழுது கிணறு வெட்டப் போவதில் பிரயோஜனமில்லை. கற்றவர்கள் எல்லோரும் விழுந்தவர்கள் எல்லோரையும் பிழைக்கவைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சிலர் பிழைக்கமாட்டார்கள். ஆனால் கற்காதவர் பக்கத்தில் நிற்பதால் சாகின்றவர்களை விதியின் கணக்கில் எழுதாதீர்கள்; அது நம் கணக்கில் எழுதவேண்டியது. அந்தக் கணக்கைக் குறைப்பதற்கு வேண்டியதெல்லாம் இரண்டு கைகளும், ஒரு நாள் பொழுதும்தான். இரண்டு கைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஒரு நாள் பொழுதைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.